ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது

போன ஜூலையில் நான் மருதமுனைக்குப் போனது கடல் பார்க்கவும் அல்ல, இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் வாங்கவும் அல்ல. அங்கே வரலாறு படிப்பிக்கும் என் தோழி ரிஃப்கா, மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் தேடிக் களைத்துப்போய், அதை வாழ்ந்தவர்களையே வகுப்புக்கு அழைத்துக் கதைக்க வைக்கிறாள். மட்டக்களப்பில் நானும் வரலாறுதான் படிப்பிக்கிறேன். ஒரு வகுப்பையாவது நேரில் பார்க்க விரும்பினேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் முப்பத்தைந்து கிலோமீற்றர் சொச்சம், ஒன்றேகால் மணித்தியாலம். பெரியநீலாவணை வந்ததும் எழும்பி வாசலுக்குப் போய்விடுங்கள். அடுத்தது மருதமுனை, நடத்துனர் அதிக நேரம் நிறுத்த மாட்டார். காலையிலேயே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சுட்டது. பாடசாலைக்கு நடந்தே போகலாம். அது தெரியாமல் நான் ஓட்டோ பிடித்தேன், இருநூறு ரூபாய். "இந்தக் கிட்டத்துக்கா ஏறின நீங்க?" என்று இறக்கிவிட்ட பிறகுதான் ஓட்டோக்காரர் கேட்டார்.

அன்றைய விருந்தாளி சலீமா. ஐம்பது தாண்டியவர், தையல் வேலை செய்கிறவர். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு ஊன்றுகோல்களில் நடக்கிறார். பத்தாம் ஆண்டு வகுப்பு மாடியில் இருந்தது. கதிரையோடு அவரைத் தூக்கிச் செல்ல ரிஃப்கா இரண்டு ஆசிரியர்களை ஏற்பாடு செய்திருந்தாள்.

"தூக்கிட்டுப் போறதெண்டா நான் வீட்ட போறன் டீச்சர்," என்றார் சலீமா. குரலில் கோபம் இல்லை. "ஆறாம் வகுப்பு மாடியில எண்டுதான் அஞ்சோட என்னை நிப்பாட்டின. இதே கட்டிடம்தான்."

ரிஃப்காவுக்கு அது தெரியாது. முகம் வாடிப்போனது. பிறகு கீழ்த்தள வகுப்பு ஆசிரியையிடம் பேசி, சின்னப் பிள்ளைகளை மரநிழலுக்கு அனுப்பினாள். பத்தாம் ஆண்டு மாணவர்கள் இறங்கி வந்து, குட்டிக் கதிரைகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் அரை மணித்தியாலம் போனது.

ரிஃப்கா ஒலிப்பதிவைத் தொடங்கினாள். முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான். "சுனாமிக்கு எப்படித் தப்பின நீங்க மாமி?"

"காக்கா தோள்ல போட்டுட்டு ஓடினாரு," என்று அண்ணனைச் சொன்னார் சலீமா. "எல்லாரும் இதத்தான் கேக்காங்க. அதுக்குப் பொறகு முகாம்ல இருந்தத ஒருத்தரும் கேக்கல்ல."

முகாமில் மலசலகூடம் உயரமான படிகளுக்கு மேல் இருந்ததாம். பகலில் எல்லார் முன்னாலும் தவழ்ந்து ஏற வெட்கப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே விட்டிருக்கிறார். கடைசியில் காய்ச்சலும் எரிவுமாக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

"கட்டின ஆக்கள்ட பிழையா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"அவங்க நல்ல ஆக்கள், மகன். எங்கள மாதிரி ஆக்கள்ட்ட கேக்காம கட்டிட்டாங்க."

பிறகு நுஹா என்ற மாணவி எழுந்தாள். "உங்களப் பள்ளியால நிப்பாட்டக்குள்ள, வகுப்பக் கீழ மாத்தச் சொல்லி ஒருத்தரும் கேக்கல்லயா மாமி?"

சலீமா நுஹாவின் பக்கம் திரும்பினார். "இல்ல மகள். உம்மாவும் கேக்கல்ல, வாப்பாவும் கேக்கல்ல. கேக்கலாமெண்டே எங்களுக்குத் தெரியா. இண்டைக்குத்தான் பாத்தன், அரை மணித்தியால வேலை." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ரிஃப்கா ஒலிப்பதிவை நிறுத்தக் கையை நீட்டினாள். "வாணாம், ஓடட்டும்," என்றார்.

மணி அடித்த பிறகும் நுஹா போகவில்லை. தன் தங்கைக்கு வலிப்பு வருவதால் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்றாள். அப்படி ஒரு தங்கை இருப்பதே ரிஃப்காவுக்குத் தெரியாது. அன்றைக்கே அவர்கள் வீட்டுக்கு வருவதாக ரிஃப்கா சொன்னாள்.

"நீங்க போனா புள்ளைட உம்மா பயந்திருவா டீச்சர். நான் போறன்," என்றார் சலீமா.

இப்படி வகுப்பு நடத்த நினைப்பவர்களுக்கு: எங்கே இருந்து பேச வசதி என்று வருகிறவரிடமே முதலில் கேளுங்கள். ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் கல்முனையில் தங்கலாம். ஆனால் ஊன்றுகோலோடு வருகிறவருக்கு இந்த வழி பஸ் சரிவராது, வாகனம் பேசிக்கொள்ளுங்கள்.

போன கிழமை ரிஃப்கா தொலைபேசியில் பேசினாள். சின்னவளைப் பள்ளிக்கு அனுப்ப நுஹாவின் தாய் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் விருந்தாளி வரும் நாட்களில் மட்டும், சலீமாவோடு தங்கையை அனுப்புகிறார். முதல் நாள் அவள் சலீமாவின் பக்கத்திலேயே இருந்து கேட்டாளாம். இரண்டாம் நாள் எழுந்து, "எனக்கு இஞ்ச வலிப்பு வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். மீதிப் பாடவேளை முழுக்க அவள்தான் அதை அவர்களுக்குப் படிப்பித்தாளாம்.