துணைக்கு வந்தவள்

எழுபதுகளின் தொடக்கத்தில், குமாஸ்தா வேலைக்கான தேர்வு எழுத எளாவூரிலிருந்து சென்னைக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிக்காரர்களுக்கு இட்லி விற்ற நைனா, "ஒண்டியா அனுப்ப மாட்டேன். சின்னவளும் கூட போவட்டும்" என்றார். தங்கை வெயிலில் காத்திருப்பானேன் என்று அவளையும் விண்ணப்பம் போட வைத்தேன்.

மாதக்கணக்கில் படித்தவள் நான். அவள் என் புத்தகத்தைப் புரட்டுவாள், சற்று நேரத்தில் அதன்மேலேயே தூங்கிவிடுவாள். தேர்வன்று ரயிலில், "கூட்டு வட்டின்னா இன்னாக்கா?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன்.

அவள் தேறினாள். நான் தேறவில்லை.

"பெரியவ உழுந்து உழுந்து படிச்சா. சின்னது வெளையாட்டா போய்க்கினு பாஸ் பண்ணிட்டு வந்துச்சு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நைனா சிரித்துக்கொண்டே சொன்னார். உள்ளே சட்னி அரைத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

திருவள்ளூரில் வேலை. அவளையும் தனியாக அனுப்ப நைனாவுக்கு மனமில்லை. துணைக்கு நான் போனேன். வாடகை அறையில் சமைத்தேன். காலையில் அவள், "கொசுவம் சரியா இருக்குதாக்கா?" என்பாள். குனிந்து மடிப்பை நீவிவிடுவேன். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும்.

ஒருநாள், "ஆபீஸ்ல எல்லாரும் உன் சாம்பாரத்தான் கேக்குறாங்கக்கா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். மறுநாள் அறையைப் பூட்டிவிட்டு பக்கத்துத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் போய்ச் சேர்ந்தேன்.

ஹையர் கிரேடு தேர்வில் தேறியதும் அங்கேயே சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். அதே சமயம் தங்கை புது விண்ணப்பத்தோடு வந்தாள்.

"இந்த வாட்டி எழுதுக்கா. கண்டிப்பா கெடைக்கும்."

கிடைத்திருக்கும்தான். ஆனால் அவளைவிட ஜூனியராக உட்கார வேண்டும். அவள் சொல்லித்தர நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"வேணாம்டி. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றேன்.

சொல்லச் சொல்லப் பிடித்தும் போனது. என்னிடம் படித்த பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். அதில் ஒருத்தி தங்கையின் அலுவலகத்திலேயே சேர்ந்தாள். முதல் வாரமே ஓடி வந்து, "உங்க தங்கச்சி எவ்ளோ பொறுமையா சொல்லித்தராங்க தெரியுமா டீச்சர்!" என்றாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைப் பெண்ணின் விரல்களைப் பார்க்கப் போய்விட்டேன்.