பள்ளத்து மனை

ஐப்பசி பிறந்துவிட்டால் என் வீட்டுக்காரர் இளையபெருமாளுக்கு உட்காரத் தோன்றாது. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறியபோதுகூட மனுஷன் இப்படித் தவித்ததில்லை. இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். வானம் கறுத்தால் வாசலுக்குப் போவார், வருவார், செல்போனில் மழை மேகப் படம் பார்ப்பார், மறுபடியும் போவார். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் கால் வலிக்கும்.

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்டது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தஞ்சாவூர் பைபாஸ் தாண்டி வயலை மனையாகப் போட்டு விற்றார்கள். மேடாக ஒரு மனை, அதற்கு எதிரே பள்ளமாக ஒன்று. நான் மேட்டைக் கேட்டேன். இவர் நன்னிலத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். குனிந்து பள்ளத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார்.

"மேட்டுல தண்ணி ஏறாது எழில். பள்ளத்துக்குத்தான் மொதல்ல பாயும்."

"வீடுதானேங்க கட்டப் போறோம், நாத்தா நடப் போறோம்?" என்றேன். மனை காட்ட வந்த புரோக்கரே சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. பள்ளத்தையே பத்திரம் முடித்தார்.

சொன்னது பலித்தது. தண்ணீர் முதலில் எங்களுக்குத்தான் பாய்கிறது. கட்டியபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி வீட்டுக்குள் போவோம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் இப்போது ஒரு படி இறங்குகிறோம். நான் சொல்லிக்காட்டாத மழைக்காலம் கிடையாது. அவரும் ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டது கிடையாது.

இந்த வருஷம் எங்கள் மகள் வானதிக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்து மூன்று மாதம் இருப்பதாக ஏற்பாடு. இவரே அறைக்குப் பெயிண்ட் அடித்து, தூளிக்குக் கொக்கி மாட்டினார்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கேட் தூணில் தண்ணீர் எத்தனையாவது செங்கல் வரை ஏறியிருக்கிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து சொன்னார்.

"ரெண்டாவது கல்லு எழில்."

"நீங்க எண்ணினா தண்ணி பயந்து ஓடிடுமா? வந்து உக்காருங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் போய் அரிசி மூட்டையை மேஜைமேல் ஏற்றினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். தூளி கட்டிய அறையில் அவருடைய செருப்பு மிதந்தது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். "பச்சக் கொழந்த மாமா. பூதலூர்ல எங்க வீட்டுக்கே அழைச்சிட்டுப் போயிடுறோம். எங்கம்மா பாத்துப்பாங்க." குறையாகச் சொல்லவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார். இவர், "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீ கேட்ட மேட்டு மனையையே வாங்கியிருக்கணும்" என்றார்.

பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறேன். அவர் எழுந்து மறுபடியும் நடந்தாலே தேவலை என்றிருந்தது.

"அங்கயும் உள்ள தண்ணி வந்துடுச்சாம்ங்க. எதிர்வீட்டுப் பஞ்சநதம் சார் வீட்டம்மா காலையில சொன்னாங்க" என்றேன்.

ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. போர்ட்டிகோவுக்குள் முதல் நாள் போட்ட கோலம் அழியாமல் அப்படியே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"அப்படியா, பாவம்" என்றார்.