அந்தோணியம்மாள் கேட்காமல் விட்ட கேள்வி

மலாயாவில் பாலோ என்ற ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் இருந்தவள் அந்தோணியம்மாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற வழியில் எதிர்ப்படும் யாரையும் “பசியாறியாச்சா?” என்று கேட்காமல் அவள் கடந்ததில்லை. காலைச் சாப்பாட்டுக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்திருந்த பெயரே பசியாறல்தான். புண் ஆறுவதுபோல, உலை ஆறுவதுபோல, பசியும் ஆற வேண்டும். கம்பம் என்னும் கிராமங்களில் இருந்த மலாய்க்காரர்களும் “சுடா மாக்கான்?”, சாப்பிட்டாச்சா, என்றுதான் நலம் விசாரிப்பார்கள். கேட்பது மரியாதை. வயிறு காலியாகவே இருந்தாலும் “ஆச்சு” என்று சொல்வது அதைவிடப் பெரிய மரியாதை.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், பால்வெட்டு நின்றது, அரிசி கண்ணில் படாமல் போனது. பிறகு, சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். அந்தோணியம்மாளின் கணவன் சந்தனசாமி போனான். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் கணவனும் அதே லாரியில் போனான். வெள்ளையம்மாவுக்குப் பிள்ளை இல்லை, தனியாகத்தான் இருந்தாள்.

மரவள்ளியை நம்பி லயம் உயிர் வாழ்ந்தது. அப்போதும் அந்தோணியம்மாள் வழக்கத்தை விடவில்லை.

“பசியாறியாச்சா வெள்ள?”

“ஆச்சுக்கா. நீங்க?”

“ஆச்சு, ஆச்சு.”

ஒருநாள் அந்தோணியம்மாள் சீவிப் போட்ட மரவள்ளித் தோலை வெள்ளையம்மா கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வெள்ள இது?”

“கோழிக்குக்கா.”

கோழிகளையெல்லாம் சிப்பாய்கள் எப்போதோ பிடித்துப் போய்விட்டார்கள். அது அந்தோணியம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் துருவிக் கேட்பது நாகரிகமில்லை என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வெள்ளையம்மா வீட்டுக் கதவு திறக்கவில்லை. தள்ளிக்கொண்டு போனபோது அவள் அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்தாள். வாயோரம் நுரை காய்ந்திருந்தது. சட்டியில் வெந்த தோல். அது கசப்பு மரவள்ளி. அந்தத் தோலில் விஷம் உண்டு.

அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தோணியம்மாள் யாரையும் “பசியாறியாச்சா?” என்று கேட்கவில்லை. நேரே வீட்டுக்குள் நுழைந்து அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அதைவிட அவமரியாதை லயத்தில் வேறில்லை.

எதிர் லயத்துக் காளியம்மா வயதில் மூத்தவள், வாய்த்துடுக்கும் அதிகம். மூடிமேல் கை வைத்து மறித்தாள்.

“அடுத்தவ அடுப்படியில ஒனக்கென்னடி வேல?”

“வெளிய நின்னு கேட்டா ஆச்சுன்னுதான சொல்வீங்க? வெள்ளையும் அப்படித்தான் சொல்லுச்சு.”

காளியம்மாவின் கை மெல்ல விலகியது. சட்டியில் இருந்தது கீரைத் தண்ணீர் மட்டும். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “சின்னவளுக்கு ரெண்டு நாளா ஒண்ணுமில்ல அந்தோணி,” என்றாள்.

அன்று மாலையே இரண்டு வீட்டு அடுப்பும் ஒன்றானது. பிறகு ஐந்தாறு வீடுகள் சேர்ந்தன. இருந்த கிழங்கையும் கீரையையும் ஒரே அண்டாவில் வேக வைத்தார்கள். சேராதவர்களும் இருந்தார்கள், அவளைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களை அந்த அண்டாவால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் காளியம்மாவின் சின்ன மகள் பிழைத்தாள்.

சண்டை முடிந்து சில மாதங்களுக்குப் பின், சயாமிலிருந்து மீண்ட லெட்சுமணன் என்பவன் அந்தோணியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். லாபிஸ் ஊர்க்காரன், அங்கே சந்தனசாமியோடு பாதை போட்டவன், எலும்பும் தோலுமாக இருந்தான். உட்காரச் சொன்னாள். மழையைப் பற்றிப் பேசினான். ரயில் தாமதமானதைப் பற்றிப் பேசினான்.

“அண்ணே வந்து... அங்க காலரா ரொம்பங்க. நல்ல மனுசங்களத்தான் ஆண்டவர் சீக்கிரம்...”

“தம்பி, சுத்தி வளைக்காதீங்க. செத்துட்டாரா?”

அவன் தலை குனிந்தது. “செத்துட்டாருக்கா.”

“யாரு பொதைச்சா?”

“ஆத்தோரமா, மூங்கிலுக்கு அடியில. நாந்தான் மண்ணு தள்ளுனேன்.”

அந்தோணியம்மாள் குனிந்து, நகங்கள் சிதைந்திருந்த அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.