தம்புள்ளை ரோட்டில் நின்றுபோன கார்

முதலாளி பின் சீட்டில் இருந்தால் அந்தக் கார் பாதி வழியில் நின்றுவிடும். நான் தனியாக ஓட்டினால் நிற்காது. தொண்ணூறுகளின் கடைசியில் ஆறு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இதுதான்.

கொழும்பில் ஏதோ ஒரு தூதரகத்தில் ஓடி, வயதான பிறகு ஏலத்தில் வந்த பெரிய வெளிநாட்டுக் கார் அது. தோல் சீட்டு, பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடி. அதை ஓட்டுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பானேன். முதலாளி அலுவிகாரையில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த சிங்களவர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் நானும் மனைவியும் மகளும் குடியிருந்தோம். வேலை போனால் வீடும் போகும். திரும்பவும் தேயிலைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறைக்குத்தான் போகவேண்டும், மகளின் டவுன் பள்ளிக்கூடமும் அதோடு முடிந்தது.

வாரம் இரண்டு முறை தம்புள்ளையில் இருந்த அவருடைய அரிசி ஆலைக்குப் போவோம். வழியில் நாலந்தா என்ற ஊரைத் தாண்டியதும் எந்த அறிகுறியும் காட்டாமல் எஞ்சின் அணைந்துபோகும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடித்துக்கொள்ளும். பிளக் மாற்றினோம், பெட்ரோல் பம்ப் மாற்றினோம், டாங்கியைக் கழற்றிக் கழுவினோம். கடைசியில் மாத்தளை டவுன் மெக்கானிக், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய் வந்தேன். கார் ஓர் இடத்திலும் மக்கர் பண்ணவில்லை.

"ஒண்டுமில்ல தம்பி, வண்டி நல்லாத்தான் இரிக்கி" என்றார் நானா. அதையே முதலாளியிடமும் போய்ச் சொன்னார். வண்டியில் குறை இல்லையென்றால் பிறகு யாரிடம் குறை?

முதலாளியும் நானும் பேசிக்கொள்வது சிங்களத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். "நீ தனியா போனா ஓடுது, நான் ஏறுனா நிக்குது. வேணும்னே நிறுத்திட்டு எனக்கே காது குத்துறியா? இன்னொரு தடவை நின்னா சாவிய வச்சிட்டுப் போயிரு" என்றார். கள்ளன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவருக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, உண்மைதான். யுத்தம் நடந்த காலம், அந்த ரோட்டில் அப்போது மூன்று செக் பாயிண்ட். அவர் காரில் இருந்தால் ஆர்மிக்காரர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். தனியாகப் போனால் அடையாள அட்டையில் என் பெயரைப் பார்ப்பார்கள், உடனே இறங்கச் சொல்வார்கள். பொனட், டிக்கி, சீட்டுக்கு அடி எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெயிலில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் போகும். தாமதத்துக்கு ரோட்டு வேலை, ஆலையில் கூட்டம் என்று முதலாளியிடம் ஏதாவது அளந்துவிடுவேன். தமிழ் டிரைவரால் தொல்லை என்று தெரிந்தால், ஒரு சிங்கள டிரைவரை வைத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

நானா வந்த அன்றும் எங்கள் இருவரையும் இறக்கித்தான் வைத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அடுத்த வாரம் தனியாகப் போய் இரண்டாவது செக் பாயிண்டில் நின்றபோதுதான் உறைத்தது. திறந்த பொனட்டுக்குள் சும்மா கையை விட்டேன். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் காயில் தொடமுடியாதபடி கொதித்தது. அரை மணி கழித்து, போகச் சொன்னபோது தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு கார் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முதலாளி இருந்தால் நாங்களும் அப்படித்தான் போயிருப்போம், காயிலும் கொதித்துக்கொண்டே வந்திருக்கும்.

அடுத்த பயணத்தில் புறப்படும்போதே சொல்லிவிட்டேன். "இன்னைக்கு நிக்கும், மாத்தயா. நின்னதும் எறங்கி வந்து பாருங்க." மூன்று செக் பாயிண்டிலும் கையைக் காட்டினார்கள். நாலந்தா தாண்டி, சொன்ன மாதிரியே நின்றது. பொனட்டைத் திறந்து ஈரத்துணியைக் காயிலில் சுற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலாளி என் தோளில் தட்டினார். அந்த ஒரு நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அவர் கெட்டிக்காரர். காரில் ஏறப்போனவர் நின்று கேட்டார். "அப்ப நீ தனியா போறப்ப ஏன் சூடாகல?"

பொய் சொல்லலாம். சொன்னால் பழைய சந்தேகம் அப்படியே இருக்கும். உள்ளதைச் சொன்னேன். எத்தனை இடத்தில் இறக்குகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறேன், எதையெல்லாம் திறக்கச் சொல்கிறார்கள், எல்லாவற்றையும். அவர் தம்புள்ளை வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

கொழும்பிலிருந்து புதுக் காயில் வந்தது. அதற்குப் பிறகு கார் ஒரு நாளும் நிற்கவில்லை. தப்பித்தோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. "உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு" என்றார். "இவ்வளவு நாளா வெயில்ல நின்னுருக்க, எனக்குத் தெரியவே இல்ல. இனிமே இந்த ரோட்டுல உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் ஒண்ணாந்தேதி வாறான். வீட்டை நீ அவசரமில்லாம, மாசக் கடைசில விட்டாப் போதும்."

திட்டி அனுப்பியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அப்படிக் கும்பிட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

"என்ன தப்புப் பண்ணுனீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல" என்றேன். அவள் நம்பவில்லை.