ஒன்பது பேருக்கு ஒரு நாவல்

அறுபதுகளின் கடைசியில் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். பதினோராம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் ஒன்பது பேர் சிறப்புத் தமிழ் எடுத்திருந்தார்கள். கோடை விடுமுறையில் அவர்கள் ஒரு நாவலை முழுதாகப் படித்துவிட்டு வர வேண்டும், ஜூன் மாதம் வகுப்பில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நானேதான் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். வேலைக்குப் புதிது, அதனால் வந்த வினை.

அவர் கணக்குக்காரர். நாவல் பக்கம் போனதே இல்லை. “படிக்கட்டும் டீச்சர். காதல் மட்டும் இல்லாம பாத்துக்கங்க” என்றார்.

காதல் இல்லாத நாவல் கிடைப்பது கஷ்டம் என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். “அப்ப கடசியில கல்யாணமாவது ஆயிருக்கணும். எதுக்கும் பெத்தவங்க ஒருத்தர் படிச்சுப் பாத்து சரின்னு சொல்லட்டும். நாளைக்கு எம்மேல வரக்கூடாது பாருங்க.”

கல்லூரி விடுதியில் போர்வைக்குள் அழுதுகொண்டே நான் படித்த கிராமத்து நாவல் ஒன்று இருந்தது. கதாநாயகி பாதியில் வீட்டை விட்டு ஓடிப் போவாள். ஆனால் கடைசியில் கோயிலில் கல்யாணம் ஆகிவிடும். அதைப் பெற்றோர் சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். கடலை விவசாயி. அவர் மகளும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி.

ஒரு வாரம் கழித்து அவர் கடலைக் காட்டுக்கே போனேன். கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார்.

“இது வேண்டாங்க டீச்சர்” என்றார்.

“அந்தப் பொண்ணு ஓடிப் போறதுனாலங்களா?”

“அது ஓடட்டுங்க. வயசுப்புள்ள. ஆடி மாசத்துல மானாவாரிக் கடலக்கா புடுங்கறான் இத எழுதுன ஆளு. விதைக்கறதே அப்பத்தானுங்களே? அப்புறம், அந்தப் புள்ள போறப்ப மாட்ட அவுத்து வுட்டுட்டுப் போவல. கட்டுத்தறியிலயே நிக்குது. நாப்பது பக்கம் ஆச்சு, அதுக்கு யாரு தண்ணி காட்டுனாங்கன்னு எழுதவே இல்லைங்க.”

நான் அழுத இடம் சரியாக அந்த நாற்பது பக்கம்தான். மாடு ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அடுத்து, விவசாயமே இல்லாத நாவல் ஒன்றைத் தேடினேன். மெட்ராஸில் வேலை பார்க்கும் ஒருவன் ரயிலில் சேலத்துக்கு வருகிற கதை. இந்த முறை புத்தகம் போனது ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரிடம். அவர் மகனும் என் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர், அதே வெள்ளை வேட்டியோடு நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மெட்ராஸ்ல இருந்து வர்ற வண்டி சேலம் தாண்டித்தான் ஜோலார்பேட்டைக்குப் போவுதாம் டீச்சர். ஜோலார்பேட்டை தாண்டித்தானுங்களே சேலம்? பசங்க இதப் படிச்சா என்னாவறது?”

“கதைதானே சார்” என்றேன்.

“கதைன்னாலும் தண்டவாளம் தண்டவாளந்தானுங்களே.” குரலைத் தாழ்த்தினார். “நம்ம ஸ்டேசன் பேரே அதுல வரலைங்க.”

பள்ளி மூட இரண்டு நாள்தான் இருந்தது. அழுகையும் கோபமுமாகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். “சரித்திர நாவல் வச்சுடலாம் சார். ராஜா காலத்துக் கதை.”

அவர் முகம் தெளிந்தது. “அது நல்ல யோசனை. அந்தக் காலத்து ஆளுங்க யாரும் வந்து தப்புச் சொல்ல மாட்டாங்க.”

கிடைத்தது மூன்று பிரதி. மூன்று பேருக்கு ஒன்று என்று கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் மாதம் அவர்கள் பேச வேண்டிய நாளிலேயே பள்ளி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தலைமையாசிரியர் பெருமையாக அவரை என் வகுப்புக்கு அழைத்து வந்தார். இளவரசனின் வீரம், காதல், தியாகம் என்று மூன்று தலைப்பில் நான் பிள்ளைகளைத் தயார் செய்திருந்தேன்.

“இந்த நாவலில் உங்களுக்குப் பிடித்த பாத்திரம் யார்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கடலைக்காரர் மகள் எழுந்தாள். “மந்திரிங்க ஐயா.”

“அவன் துரோகியாச்சே?”

“ஆமாங்க ஐயா. ஆனா வேலை செய்யறது அவரு ஒருத்தர்தாங்க. ஏரிக்கு மதகு வெக்கறது, கோட்டைக்கு ஆள் போடறது எல்லாம் அவருதான். இளவரசரு மூணாம் அத்தியாயத்துல நந்தவனத்துக்குப் போனாருங்க. இருவதாம் அத்தியாயம் வரைக்கும் திரும்பி வரல.”

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். டிக்கெட் கொடுப்பவர் மகன், “மந்திரி அதுக்குச் சம்பளம்கூட வாங்கறாப்ல தெரியலைங்க ஐயா” என்று சேர்த்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

நான் கொடுத்த மூன்று தலைப்பையும் அன்று யாரும் தொடவில்லை. மணி அடித்த பிறகும், கதைக் கடைசியில் மந்திரியைத் தூக்கில் போட்டது சரியா என்று சண்டை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அந்த நாவலை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மதகு வருகிறது, முழுதாக ஒன்றரைப் பக்கம். நான் முன்பு படித்தபோது நந்தவனத்துக்குப் போகும் அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டிருக்கிறேன்.