இஸ்ராயேலும் டீசல் கேனும்

ரேடியோச் செய்தியில் ‘அரபு’ என்ற சொல் வந்தால் போதும், பர்னபாஸ் கையிலிருக்கும் சோற்றுக் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய், வாசல் மூலையில் இருக்கும் டீசல் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்டால்தான் திரும்பி வந்து உட்காருவார். அரபு மன்னர் யாருக்கோ ஆண் குழந்தை பிறந்த செய்தியாக இருந்தாலும் சரி, கேனை ஆட்டாமல் அடுத்த கவளம் இறங்காது. அவர் மனைவி பிளாரன்ஸ் ஆறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பர்னபாஸ் தன் வள்ளத்தில் எஞ்சின் வைத்தார். பங்குச் சாமியார் வந்து எஞ்சினை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அன்றோடு பர்னபாஸ் காற்றோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். பாய்மரக் கம்பைத் தூக்கிக்கொண்டு போய் பிளாரன்சின் அண்ணன் ரோச் வீட்டு வாசலில் போட்டார்.

“மச்சான், இது உமக்குத்தான் ஆகும். எனக்கு வீட்டுல எடத்த அடைக்கி.”

ரோச் அப்போதும் பாய் விரித்துத்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். காற்று விழுந்து அவர் கரையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் பர்னபாஸ் எஞ்சினைத் தடதடக்க விட்டபடி அவர் முன்னால் போவார். “என்ன மச்சான், காத்து எப்போ லீவு முடிஞ்சு வருதாம்?” என்று கத்துவார். ரோச் பீடியை இழுத்துக்கொண்டிருப்பார்.

“ஏளா, அந்தப் பாய வெட்டிச் சாக்கு தைச்சிரு” என்று பர்னபாஸ் வீட்டில் உத்தரவு போட்டார். பிளாரன்ஸ் தலையாட்டினாள். வெட்டவில்லை. ஆட்டுக் கொட்டிலுக்கு மேலே முழுப்பாயையும் இழுத்துக் கட்டினாள். திரேஸ்புரத்திலேயே அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே படுத்த ஆடுகள் அவளுடையவைதான்.

மறுவருடம் அக்டோபரில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் சண்டை மூண்டது. அக்டோபர், செபமாலை மாதம். தெருவில் செபமாலை நடத்துகிறவர் பர்னபாஸ். எதற்காக வேண்டுகிறோம் என்ற கருத்தை ஒலிபெருக்கியில் சொல்வதும் அவர்தான். ரேடியோ ‘இஸ்ரேல்’ என்றது. செபப் புத்தகம் ‘இஸ்ராயேல்’ என்றது. பர்னபாசுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“மோயீசன் செங்கடலப் பிளந்து கூட்டிட்டுப் போன சனம்லா? நாம வேண்டாம வேற யாரு வேண்டுவா?”

“அது வேற, இது வேறன்னு சொல்லுதாங்களே மாப்பிள்ளை” என்றார் ரோச்.

“வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிச்சா அது வேற வள்ளமாயிருமா? முட்டுப்போடும் மச்சான்.”

இஸ்ராயேல் சனத்தின் வெற்றிக்காகத் தெருவே முட்டுப்போட்டு வேண்டியது. பிளாரன்சும் வேண்டினாள். அவள் குரல் பக்கத்தில் இருப்பவளுக்கே எட்டாது. வானத்துக்கு எட்டியிருந்தால் அது அவள் குற்றமல்ல. மாதம் முடிவதற்குள் சண்டை நின்றது. இஸ்ரேல் கை ஓங்கியது என்று கேட்டதும், சண்டையைத் திரேஸ்புரத்திலிருந்தே நடத்தி முடித்தவர் போல பர்னபாஸ் தெருவுக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார்.

சில வாரம் கழித்து ராஜதுரை அண்ணாச்சி கடையில் ‘டீசல் இல்லை’ என்று பலகை தொங்கியது. படிக்கத் தெரிந்தும் பர்னபாஸ் கேனை நீட்டினார்.

“எப்போ வரும் அண்ணாச்சி?”

“அரபிக்காரன் கோவம் ஆறட்டும்.”

“அவன் கோவத்துக்கும் நம்ம ஊருக்கும் என்ன?”

“எண்ணெய் எல்லாம் அவன் மண்ணுக்கடியிலதான கெடக்கு? சண்டைக்கப்புறம் குழாயத் திருகிட்டான். உலகம் பூரா வெல ஏறிக்கிட்டே போகுது. கப்பல்ல வாரதும் கொறைஞ்சுபோச்சு.” அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார். “நீரு ஒலிபெருக்கி வச்சு வேண்டினது எங்க தெரு வரைக்கும் கேட்டுது. யாருக்கு வேண்டினீரோ அங்கன போயி டீசல் கேளும்.”

பர்னபாசின் வாழ்நாளில் அவருடைய வேண்டுதல் அவ்வளவு பிசகில்லாமல் பலித்தது அந்த ஒரு தடவைதான்.

உடனே அரபு மன்னர்களின் மனம் இளகுவதற்காக வேண்டலாம் என்று கிளம்பினார். ஆனால் நவம்பர் பிறந்துவிட்டது. அது செத்தவர்களுக்காக வேண்டுகிற, உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம். அந்த ஆன்மாக்களுக்கு நடுவில் உயிரோடிருக்கும் மன்னர்களை நுழைக்க கோயில் உபதேசியார் சம்மதிக்கவில்லை.

வள்ளம் மணலில் கிடந்தது. தீர்த்தம் தெளித்த எஞ்சின் மேல் கோழி அடை படுத்தது. கூட வேலைக்கு வந்தவர்கள் ரோச்சின் வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஒருவேளைதான் உலை வைத்தாள் பிளாரன்ஸ். அதைப் பற்ற வைக்க மண்ணெண்ணெயும் அரபு தேசத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கியது. பர்னபாஸ் மட்டும் உலக எண்ணெய் நிலவரத்தை ரேடியோவில் கேட்டு, “அடுத்த வாரம் எறங்கிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் பிளாரன்ஸ் கொட்டிலிலிருந்து பாயை அவிழ்த்துக் கிணற்றடியில் போட்டுத் துவைத்தாள்.

“நீ வெட்டலியா?”

“இல்ல.”

பர்னபாஸ் இன்னொரு வாளித் தண்ணீர் இறைத்துப் பாயில் ஊற்றினார். அவர் அவளைப் பாராட்டியதற்கு மிகவும் பக்கத்தில் வந்தது அதுதான்.

பாய் கிடைத்துவிட்டது. கம்பு ரோச் வீட்டில். அந்தப் பத்து வீட்டுத் தூரத்தைக் கடக்க பர்னபாசுக்கு மூன்று நாளாயிற்று. பின்னாலேயே போன பிளாரன்ஸ் வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள்.

“மச்சான்… அந்தக் கம்பு…”

ரோச் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “காத்து லீவு முடிஞ்சு வந்திட்டு மாப்பிள்ளை. உம்மத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு.” பிறகு கம்பின் ஒரு முனையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “அந்த முனையப் பிடியும்.”

மறுநாள் வாடைக்காற்றில் வள்ளம் கிளம்பியது. எவ்வளவு துவைத்தும் பாயில் ஆட்டு மணம் போகவில்லை. கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழியனுப்பினார்கள். சாயங்காலம் கூடை நிறைய மீன் வந்தது. பிளாரன்ஸ் இரண்டாவது தடவையும் உலை வைத்தாள்.

பிறகு டீசல் வந்தது, பழைய விலை வரவில்லை. பம்பாய்க் கடலில் எண்ணெய் கண்டுபிடித்ததும், “முத்துச் சிப்பி வெளையுத நம்ம கடலுக்கடியில இல்லாமலா போகும்? இனி அரபி நம்மகிட்ட வந்து நிப்பான்” என்றார் பர்னபாஸ். இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை.

இப்போது எழுபத்தொன்பது. ஈரானில் கலவரம் என்கிறது ரேடியோ; அதற்கும் பர்னபாஸ் எழுந்து போய்க் கேனை ஆட்டுகிறார். செபமாலையில் உலக சமாதானத்துக்காக மட்டும் வேண்டுகிறார். எந்த நாட்டின் பெயரையும் சொல்வதில்லை. வள்ளத்தில் எஞ்சினும் இருக்கிறது, பாயும் இருக்கிறது. ஆட்டுக் கொட்டிலுக்கு ஓலை போட்டாகிவிட்டது.