தெரணியகலையில் பூட்டியிருந்த ஒரு குறுக்குப் பாதை

ஓர் இடத்துக்குப் பணமுள்ளவர்கள் வந்து சேரும்போது, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்வது என் தொழில். பதினைந்து வருடமாகக் கொழும்புச் சந்துகளில் இதைத்தான் செய்கிறேன். தெரணியகலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களின் பழைய துரை பங்களாக்கள் சில சுற்றுலா விடுதிகளாகிவிட்டன என்று கேள்விப்பட்டதும், நகரத்தில் பார்த்தது தோட்டத்திலும் நடக்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது. கடந்த மார்ச்சில் இரண்டு நாள் ஒதுக்கி, அப்படியொரு விடுதியிலேயே அறை எடுத்தேன்.

காலை 6.15க்குக் கொழும்புப் புறக்கோட்டையில் பஸ் ஏறி 8.30க்கு அவிசாவளையில் இறங்கினேன். அங்கே பஸ் மாறி தெரணியகலை போய்ச் சேரப் பத்து மணி. இரண்டாவது பஸ்ஸில் கூட்டம் அதிகம், பெரிய பை வேண்டாம். டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 900 ரூபா. ஓட்டிவந்த நௌபர் அந்த டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"பங்களாவுக்கா மிஸ், லயத்துக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப பங்களாவுல எறங்குங்க. அங்கருந்து லயத்துக்குக் குறுக்குப் பாத இருந்திச்சி. ரெண்டு மாசமா கேட் போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. இப்ப சுத்தித்தான் போகணும்."

பங்களா அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அகலமான விறாந்தை, எதிரே ரப்பர் மரங்கள் இறங்கிப்போகும் சரிவு, சுடச்சுடத் தேநீர். புல்வெளியின் ஓரத்தில் பச்சை நிறத்தில் அந்தக் கேட். அதற்கு அப்பால் கீழே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகள்.

நான் வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். கைபேசியில் அளந்தேன்: 2.3 கிலோமீட்டர். அங்கே முதலில் பேசியவர் செல்வமலர். நாற்பது வயதிருக்கும். ரப்பர் பால் வெட்டுபவர். அவர் வேலை செய்யும் மலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பங்களாவுக்கு அந்தப் பக்கம்.

"பத்து நிமிசத்துல போற எடம் மிஸ். இப்ப முக்கா மணி நேரம் நடக்குறோம். சின்னப் புள்ளைகள பாலர் பாடசாலைக்கு அனுப்புறதயே நாலு வீட்டுல நிப்பாட்டிட்டாங்க. வளைவுல லொறி வர்ற வேகத்துக்கு யாரு அனுப்புவா?"

வழக்கம்போல நோட்டை எடுத்து எழுதினேன். எத்தனை குடும்பம், பாதை எவ்வளவு காலமாக இருக்கிறது, யாரிடம் முறையிட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கேட்டார்: "இத எழுதிட்டு என்ன செய்வீங்க?"

அறிக்கையாக வெளிவரும் என்றேன்.

"எப்ப?"

அடுத்த வருடம் என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. கொழும்பில் நான் எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வேன். வீடுகள் இடிந்திருக்கும், ஆட்கள் வேறெங்கோ மாடிக்குடியிருப்புகளுக்குப் போயிருப்பார்கள். தலையிடாமல் பதிவு செய்வதே ஒழுங்கு என்று மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இங்கே முடிந்துபோனது எதுவுமில்லை. ஒரே ஒரு பூட்டுதான்.

"நாங்க சிங்களத்துலயே நாலு தடவ போய்ச் சொன்னோம் மிஸ். விருந்தாளிகளுக்குப் பிடிக்காதுன்னு சொல்றாரு முகாமையாளர் மாத்தயா. நீங்க விருந்தாளி தானே? நீங்க சொல்லுங்களேன்."

அன்று மாலை நான்கு மணிக்கு இருவருமாகச் சுற்றி நடந்து பங்களாவுக்குப் போனோம். செல்வமலர் சிங்கள வழக்கில் மாத்தயா, அதாவது ஐயா, என்று சொன்ன முகாமையாளர் ருவன் முப்பது வயதுக்குள் இருப்பார், மரியாதையானவர். செல்வமலரை என்னோடு பார்த்ததும் முகம் மாறியது. விருந்தாளிகள் தனிமையைத்தான் தேடி வருகிறார்கள் என்றார். நானும் விருந்தாளிதான், எனக்கு அந்தக் கேட் பிடிக்கவில்லை என்றேன். பாதையைத் திறந்து காட்டச் சொல்லி அதையும் அளந்தேன்: 430 மீட்டர். இரண்டு எண்களையும் அவர் முன்னால் வைத்து, என் பயணக் குறிப்பில் இவை இரண்டும் வரும் என்று சொன்னேன். அவர் உள்ளே போய் உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.

இருபது நிமிடம் கழித்து வந்து, காலை 6 முதல் 8 வரையும் பிற்பகல் 1 முதல் 3 வரையும் திறந்து விடலாம் என்றார். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். செல்வமலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நேரம் வேணாம் மிஸ். இன்னைக்கு நாலு மணி நேரம்னுவாங்க, அடுத்த மாசம் ரெண்டாகும். பூட்டக் கழட்டட்டும்."

பிறகு அவரே ருவனிடம் திரும்பி, என்னுடையதைவிடச் சரளமான சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. ஆடு மாடு வராமல் இருக்கக் கேட் இருக்கட்டும், நாங்களே சாத்திவிட்டுப் போவோம், புல்வெளியில் கால் வைக்க மாட்டோம், ஆனால் பூட்டு கூடாது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ருவன் இன்னொரு தடவை தொலைபேசியை எடுத்தார். ஐந்தரை மணிக்குக் கடிதம் வந்தது. செல்வமலர் ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒரு சொல்லை மாற்றச் சொல்லி, மூன்று பிரதி வாங்கிக்கொண்டார்.

நானாக இருந்தால் அந்த நான்கு மணி நேரத்தோடு திருப்திப்பட்டு வந்திருப்பேன். இத்தனை வருடம் படித்தவளுக்குத் தெரியாத அடுத்த மாதம் அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் வரிசையாக மேலேறி வந்தார்கள். கடைசியாக வந்தவள் கேட்டைச் சாத்திக் கொளுவியைப் போட்டாள். பக்கத்து அறை விருந்தாளிகள் அவர்களுக்குக் கை காட்டினார்கள்.

கொழும்புக்குத் திரும்பியதும் இந்த வருட வேலைத் திட்டத்தை மாற்றிவிட்டேன். இனி பூட்டுப் போடும் கட்டத்திலேயே போய்ச் சேரப் போகிறேன். அறிக்கைகள் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆனாலும் அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். திரும்பும்போது பகல் இரண்டு மணிக்குள் டவுனுக்கு வந்துவிட்டால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். எந்தப் பங்களாவில் அறை எடுத்தாலும், லயத்து ஆட்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். சரியாகப் பதில் வராவிட்டால் போய் நடந்து பாருங்கள். காசு கொடுத்துத் தங்குகிறவர் கேட்டால் காதில் விழுகிறது.